அயல்நாட்டு மகனின் பெயரில் அடுக்குமாடி வீடு

சென்ற கோடையில் ஒரு நாள் மாலை, சின்னாளப்பட்டியிலிருந்து வயது முதிர்ந்த தம்பதியர் இருவர் என்னைக் காண வந்திருந்தனர். பெரியவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குழித்தறியில் அமர்ந்து சேலை நெய்தவர். மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று, அங்கேயே மணம் முடித்து, சில ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டான். தாயாருக்கு முழங்கால் வலி. ஓட்டு வீட்டின் படிகளும், முற்றத்தைத் தாண்டி இருக்கும் கழிப்பறையும் அவருக்கு இயலாமற் போய்விட்டன. "திண்டுக்கல்லில் லிஃப்ட் உள்ள அடுக்குமாடி வீடு ஒன்று என் பெயரில் வாங்குகிறேன், நீங்கள் அங்கே போய் இருந்துகொள்ளுங்கள்" என்று மகன் எழுதியிருந்தானாம்.

வங்கியில் முப்பது ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இத்தகைய கேள்விகள் என்னைத் தேடி வருவதுண்டு. பெரியவர் கேட்டது ஒன்று: "அவன் இப்போது வேற்று நாட்டுக்காரன் ஆயிற்றே ஐயா, அவன் பேரில் இங்கே வீடு பதிவாகுமா?" அதுவரை வாய் திறவாதிருந்த அம்மையார் கேட்டது மற்றொன்று: "அவன் வீடு என்றால், எங்களை எவரும் எழுந்து போகச் சொல்ல முடியாதல்லவா?"

முதற் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவது கேள்விதான் அன்று இரவு என்னை உறங்கவிடவில்லை.

எளியதை முதலில் பார்ப்போம். இந்தியக் குடிமகன் ஒருவர் தாமாக விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்ற அக்கணமே இந்தியக் குடியுரிமையை இழக்கிறார் என்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். இரட்டைக் குடியுரிமை என்பது நம் நாட்டில் இல்லை. வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு இத்தொல்லை இல்லை. அந்நாடுகள் பொதுவாகக் குடியுரிமை வழங்குவதில்லையாதலால், இருபது ஆண்டுகள் அங்கிருந்தாலும் அவர்கள் இந்தியக் குடிமக்களே. சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் 'வெளிநாடு வாழ் இந்தியர்'. சிங்கப்பூர், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் குடியுரிமை பெற்றோர் நிலை வேறு. அவர்கள் அயல்நாட்டார் ஆகிவிடுகின்றனர்; ஆயின் பிறப்பாலோ முன்னோர் வழியாலோ இந்தியர் என்பதைக் காட்டி 'ஓ.சி.ஐ.' அட்டை பெறலாம். 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் வழியே இது இன்றைய வடிவில் நடைமுறைக்கு வந்தது. முன்பு தனியே வழங்கப்பட்டு வந்த 'பி.ஐ.ஓ.' அட்டையும் 2015 சனவரியில் இதனோடு இணைக்கப்பட்டுவிட்டது. இவ்வட்டை வாக்குரிமை தராது. ஆனால் வீடு வாங்கும் உரிமையைத் தரும்.

ஆகவே பெரியவரிடம் நான் முதலில் கேட்டது, "மகன் ஓ.சி.ஐ. அட்டை எடுத்துவிட்டாரா?" என்பதுதான். அட்டை இல்லாமல் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு, அங்கே வசித்தபடியே இங்கு வீடு வாங்க வேண்டுமாயின் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி தேவை. சின்னாளப்பட்டியிலேயே பிறந்து, இங்கேயே பள்ளியில் படித்தவன் என்பது அங்கே எடுபடாது.

1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில் அயல்நாட்டுக் குடிமக்கள் பொதுவாக இந்த அனுமதிக்காகவே காத்துக் கிடந்தனர். 2000ஆம் ஆண்டு சூன் முதல் அதன் இடத்தில் வந்த அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமும், அதன்கீழ் 2019இல் வெளியான விதிகளும் கதவை வெகுவாகத் திறந்துவிட்டன. வெளிநாடு வாழ் இந்தியரும் ஓ.சி.ஐ. அட்டையினரும் எத்தனை குடியிருப்பு வீடுகள் வேண்டுமானாலும் கடைகள் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கக் கூடாதவை மூன்று: விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப் பயிர் நிலம். சிறுமலை அடிவாரத்தில் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு வாங்கி நடுவே ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று கனவு காணும் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும். தந்தையின் தோப்பு அவர் மறைவுக்குப் பின் வாரிசுரிமையாக வருமாயின் வைத்துக்கொள்ளலாம். அதை விற்கும்போது இந்தியாவில் வசிப்பவருக்கே விற்க வேண்டும்.

மருமகள் பிலிப்பைன்ஸ் நாட்டவர் என்றும், அவர் பெயரையும் பத்திரத்தில் சேர்க்க மகன் விரும்புவதாகவும் பெரியவர் சற்றே தயக்கத்துடன் சொன்னார். அதற்கும் 2019ஆம் ஆண்டு விதிகளில் இடமுண்டு. ஓ.சி.ஐ. இல்லாத அயல்நாட்டு வாழ்க்கைத் துணை, கணவரோடோ மனைவியோடோ கூட்டாக ஒரே ஒரு வீடு வாங்கலாம். திருமணம் பதிவு செய்யப்பட்டு, வாங்கும் நாளுக்கு முன் இரண்டு ஆண்டுகளேனும் இடையறாது நீடித்திருக்க வேண்டும். நம் பங்குக் கோயிலில் நடந்த திருமணமாயின் பதிவுச் சான்றின் நகலை முன்கூட்டியே பெற்று வைத்தல் நன்று.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் இலங்கைத் தமிழருக்கென அரசு கட்டிய 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறந்து வைக்கப்பட்டன. அங்கே வாழ்வோரிற் பலர் நம் மண்ணில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவர். அவர்தம் பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஆயினும் இலங்கைக் குடிமகன் ஒருவர் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதியின்றி இந்தியாவில் ஒரு சென்ட் மனையும் வாங்க இயலாது. ஐந்து ஆண்டுக்கு மிகாத குத்தகை மட்டுமே பெறலாம். நீண்டகால விசாவில் தங்கியுள்ள ஆப்கானிஸ்தான், வங்காளதேசம், பாகிஸ்தான் நாட்டுச் சிறுபான்மையினருக்கு ஒரு வீடு வாங்கிக்கொள்ள விதிவிலக்கு உண்டு. அப்பட்டியலில் கிறிஸ்தவரும் உள்ளனர். இலங்கையின் பெயர் அதில் இல்லை. சிங்கப்பூரில் சம்பாதிப்பவனுக்குத் திறந்த கதவு, தோட்டனூத்தில் கொத்து வேலை செய்து சிறுகச் சேர்ப்பவனுக்கு மூடியே இருக்கிறது.

பிற நாடுகள் அயலாரை எவ்வாறு நடத்துகின்றன என்பதையும் நோக்குவோம். சிங்கப்பூரில் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அயல்நாட்டார் நிலத்தோடு கூடிய தனி வீட்டை அனுமதியின்றி வாங்க இயலாது. 'காண்டோமினியம்' எனப்படும் தனியார் அடுக்குமாடி வீட்டை வாங்கலாம். ஆனால் 2023 ஏப்ரல் 27 முதல் அவர்கள் விலையில் 60 சதவீதம் கூடுதல் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்றாயிற்று. 15 இலட்சம் வெள்ளி விலையுள்ள வீட்டுக்கு 9 இலட்சம் வெள்ளி தீர்வை! வேலை அனுமதியில் அங்கிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதுவே கணக்கு. குடிமகனுக்கோ முதல் வீட்டுக்கு இக்கூடுதல் தீர்வையே இல்லை. நம் பிள்ளைகள் பலர் அந்நாட்டுக் குடியுரிமையை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் எண்ணுகிறேன். இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 38ஆம் எண் சட்டம் அயல்நாட்டாருக்கு நிலம் விற்பதைத் தடுத்தது. எனினும் நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்கு விலக்களித்தது. மண்ணைத் தொடாத வரையில் அயலான் இருக்கலாம் என்று அந்நாடு கருதியது போலும். இவற்றோடு ஒப்பிட, அட்டை பெற்ற தன் பழைய மக்களிடம் இந்தியா கூடுதல் தீர்வை எதுவும் கேட்பதில்லை.

இனி வீட்டைப் பற்றி. அடுக்குமாடி வீடு வாங்குவோர் சுவருக்கும் தளத்துக்கும் விலை கொடுப்பதாகவே எண்ணுகின்றனர். உண்மையில் காலத்தால் அழியாது நிற்பது அக்கட்டடம் நிற்கும் மண்ணில் அவருக்குள்ள 'பிரிபடாத பாகம்' ஒன்றே. 9,600 சதுர அடி மனையில் ஒரே அளவான 24 வீடுகள் கட்டினால் ஒவ்வொரு வீட்டுக்கும் 400 சதுர அடி பாகம் வர வேண்டும். நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழிந்து கட்டடத்தை இடித்துக் கட்டும் நாளில் இந்த அளவே பேசும்.

என் சிற்றன்னையின் மகன் குவைத்தில் பணிபுரிந்தபோது, 2009ஆம் ஆண்டில் தொலைபேசி வழியாகவே ஒரு வீட்டை விலை பேசி முடித்தான். கட்டடம் கட்டியவர் ஊரில் நற்பெயர் உள்ளவர்தாம். பவர் பெற்றுக் கையெழுத்திட்டவர் எங்கள் மாமா. பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் சொத்து விவரத்தை அவர் படிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், உடன் சென்ற நானும் படிக்கவில்லை. 420 சதுர அடி என்று பேசப்பட்ட பாகம் 280 என்று எழுதப்பட்டிருந்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து, விற்கப் போனபோது, வாங்க வந்தவரின் வழக்கறிஞர் அதைச் சுட்டிக் காட்டினார். எஞ்சிய 140 சதுர அடி பின்னர் எழுப்பப்பட்ட மேல்தளத்து வீடுகளுக்குப் போய்விட்டிருந்தது. வங்கியில் எத்தனையோ பேருடைய பத்திரங்களைப் புரட்டிப் பார்த்துக் கடன் கொடுத்தவன் நான். அன்று பதிவு அலுவலகத்தில் வெயிலும் கூட்டமும் என்று வெளியே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அக்காலத்தில் தமிழ்நாட்டில் மனையின் பாகத்துக்கு ஒரு கிரையப் பத்திரமும், கட்டடத்துக்குத் தனியே ஒரு கட்டுமான ஒப்பந்தமும் எழுதுவதே வழக்கம். 2023 டிசம்பர் முதல் புதிய அடுக்குமாடி வீடுகளுக்கு மனையையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதியும் முறை வந்துவிட்டது. 50 இலட்சம் ரூபாய் வரையுள்ள வீட்டுக்கு 4 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் என அப்போது அறிவிக்கப்பட்டது. முறை மாறினாலும் சொத்து விவரத்தைப் படிக்கும் கடமை மாறவில்லை. தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது ஆண்டுக்கேனும் வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம் ஆகியவற்றைச் சொந்தமாக அமர்த்திய வழக்கறிஞரிடம் காட்டுக. கட்டுபவர் 'இலவசமாக' அனுப்பி வைக்கும் வழக்கறிஞர் அவருடைய வழக்கறிஞரே.

2016ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டம் தொலைவில் இருப்போருக்கு ஒரு துணை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் எட்டு வீடுகளுக்கு மேல் கட்டுவோர் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தே விற்க வேண்டும். எழுதிப் பதிந்த ஒப்பந்தமின்றி விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்கும் பணத்தில் 70 சதவீதம் அந்தக் கட்டடத்துக்கென்றே தனிக் கணக்கில் கிடக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பில் குறை தோன்றினால் கட்டியவரே செலவின்றிச் சீர் செய்து தர வேண்டும். எட்டே வீடுகளோடு நிறுத்திக்கொள்ளும் சிறு கட்டடங்கள் இப்பதிவுக்கு வெளியே நிற்பவை. திண்டுக்கல் போன்ற ஊர்களில் அத்தகையவற்றையும் காணலாம் என்பதால் எண்ணிப் பார்த்தே வாங்குக.

மகன் நேரில் வர இயலாதபோது எழுதித் தரும் அதிகாரப் பத்திரம் பற்றி: அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்ப வேண்டும், இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்குரிய முத்திரைத் தீர்வையைச் செலுத்த வேண்டும். மூன்று மாதம் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இன்ன வீட்டை வாங்க, இன்ன அலுவலகத்தில் பதிய என்று வரையறுத்த பவரே போதுமானது. விற்கவும் அடகு வைக்கவும் சேர்த்து எழுதித் தருவது அண்ணன் தம்பியரிடையேகூட வீண் சோதனை. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவரும் பொதுவாக அன்றே முடிகிறது. கிரையப் பத்திரம் பதியாமல் பவரை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு நமதாயிற்று என்று இருப்பதும் தவறு. அது உரிமை மாற்றம் ஆகாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகக் கூறிவிட்டது.

பணம் வங்கி வழியாகவே வர வேண்டும். வெளிநாட்டு நோட்டுகளாகவோ, 'உண்டியல்' எனப்படும் கள்ள வழியிலோ வந்த பணத்தில் வாங்கிய வீடு பின்னாளில் தொல்லை தரும். என்.ஆர்.இ. கணக்கிலிருந்தோ நேரடி வரவாகவோ கொடுத்திருந்தால், வீட்டை விற்கும்போது முதலாகப் போட்ட தொகையை மீண்டும் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லலாம். இச்சலுகை இரண்டு குடியிருப்பு வீடுகள் வரையே. மற்றவை என்.ஆர்.ஓ. கணக்கில் சேர்ந்து, நிதியாண்டுக்கு 10 இலட்சம் டாலர் என்ற வரம்புக்குள் வரி கட்டிய பின்பே செல்ல முடியும். விற்பவரும் வெளிநாட்டில் வசிப்பவராயின், விலையிலிருந்து வருமான வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழும். இதை அறியாமல் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு அபராதம் கட்டியோர் உண்டு.

இனி அம்மையாரின் கேள்வி.

சின்னாளப்பட்டி வீட்டை விற்று, அந்தப் பணத்தையும் மகனிடம் தந்து, அவன் பணத்தோடு சேர்த்துத் திண்டுக்கல்லில் வீடு வாங்குவது என்பதே குடும்பத்தின் திட்டம். பத்திரம் மகன் பெயரிலும் மருமகள் பெயரிலும் இருக்கும். பெற்றோர் தம் பணத்தைக் கொடுத்ததற்கு எழுத்தில் ஒரு சான்றும் இராது. மகன் நல்லவன், அதில் எனக்கு ஐயமில்லை. நான் அஞ்சியது வேறொன்றுக்கு.

மகன் பெற்றோருக்கு முன்னே இறந்துவிட்டால்?

இப்படிக் கேட்பதே அபசகுனம் என்று நாம் பேச்சை மாற்றிவிடுவோம். ஆனால் சட்டம் பேச்சை மாற்றுவதில்லை. இந்தியாவில் உள்ள அசையாச் சொத்தின் வாரிசுரிமையை, உரிமையாளர் எந்நாட்டவராயினும், இந்நாட்டுச் சட்டமே தீர்மானிக்கும். கிறிஸ்தவர்களாகிய நமக்கு அது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் இறந்த ஒருவருக்கு மனைவியும் மக்களும் இருப்பின், மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. எஞ்சிய இரண்டு பங்கு ஆண் பெண் வேறுபாடின்றி மக்களுக்குச் சமமாக. தாய்க்கும் தந்தைக்கும் ஒன்றும் இல்லை. இந்துக் குடும்பத்தில் இறந்த மகனின் சொத்தில் தாய் முதல்நிலை வாரிசாக மனைவி மக்களோடு பங்கு பெறுகிறாள். அடுத்த வீட்டு இந்துத் தாய்க்கு உள்ள இந்த உரிமை நம் வீட்டுத் தாய்க்கு இல்லை என்பதை நம் குடும்பங்களில் எத்தனை பேர் அறிவர்? மகனுக்குக் குழந்தைகள் இல்லையெனில் மட்டுமே மனைவிக்குப் பாதி போக, மறுபாதி தந்தையை அடையும். தந்தையும் இல்லாதபோதுதான் தாய்க்கு, அதுவும் மகனுடைய உடன்பிறந்தாரோடு சேர்ந்து, பங்கு கிட்டும்.

அதாவது, தம் பழைய வீட்டை விற்றுக் கொடுத்துவிட்டுத் திண்டுக்கல் வீட்டில் குடியேறிய அந்த முதியவர் இருவரும், தமிழறியாத மருமகளும் இங்கு வளராத பேரப்பிள்ளைகளும் விட்டு வைத்தால் மட்டுமே அங்கே இருக்க முடியும். அம்மையாருக்கு நான் சொல்ல வேண்டியிருந்த விடை இதுவே.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. முதல் வழி, பணம் போட்ட அளவுக்குப் பெற்றோரின் பெயரும் கிரையப் பத்திரத்தில் கூட்டு உரிமையாளராக ஏறுவது. அவர்கள் இந்தியாவில் வசிப்போராதலால் தடை ஏதும் இல்லை. சிலர், "எல்லாவற்றையும் அப்பா பெயரிலேயே வாங்கிவிடுகிறேன்" என்பர். மகன் பணத்தில் தந்தை பெயரில் மட்டும் வாங்குவது 2016இல் கடுமையாக்கப்பட்ட பினாமிச் சட்டத்தின் பிடியில் சிக்கக்கூடும். பெற்றோர் பெயரோடு மகன் பெயரும் பத்திரத்தில் இருந்து, பணம் வந்த வழி தெளிவாக இருந்தால் அச்சட்டமே விலக்களிக்கிறது.

இரண்டாவது வழி, மகன் ஓர் உயில் எழுதுவது. வீடு மனைவி மக்களையே சேரட்டும். ஆயின் தாய் தந்தையர் ஆயுள் உள்ளவரை அதில் குடியிருந்து அனுபவித்த பின்னரே சேரட்டும் என்று எழுதலாம். இரு சாட்சிகள் போதும். பதிவு கட்டாயமன்று, ஆயினும் பதிவது நல்லது. இங்கும் ஒரு நுட்பம் உண்டு. நம்மவருக்கு உயில் எழுதியவர் அதன்பின் திருமணம் செய்துகொண்டால் அவ்வுயில் செல்லாததாகிவிடும். மணமாகாத மகன் தாய் பெயருக்கு எழுதி வைத்த உயிலைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் தாய்மார், மகன் திருமணத்துக்குப் பின் அதைப் புதிதாக எழுதித் தரக் கேட்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பெரியவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார். "மகனிடம் இதை நான் எப்படி எழுதுவது? சந்தேகப்படுவதாக நினைத்துக்கொள்வானே" என்றார். அன்றிரவே, அவர் முன்னிலையிலேயே, நான் சிங்கப்பூருக்குத் தொலைபேசியில் பேசினேன். மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மாவுக்கு ஒன்றும் இல்லையா மாமா? சட்டம் அப்படியா சொல்கிறது?" என்று இரண்டு முறை கேட்டான்.

மூன்று மாதங்களுக்குப் பின் நால்வர் பெயரில் பத்திரம் பதிவாயிற்று. இம்முறை நான் வெளியே நிற்கவில்லை. சொத்து விவரத்தைச் சார்பதிவாளர் அலுவலகப் பெஞ்சில் அமர்ந்து இருமுறை வாசித்தேன். சின்னாளப்பட்டி வீட்டை மட்டும் இன்னும் விற்கவில்லை. இரண்டாம் மாடியில் குழித்தறிக்குக் குழி தோண்ட முடியாதல்லவா? பெரியவர் நாள்தோறும் காலைப் பேருந்தில் சின்னாளப்பட்டிக்குச் சென்று, தறியில் நாலு முழம் நெய்துவிட்டு மாலையில் திரும்பி வருகிறாராம்.